உயிரியல் படிக்காதவர் முதுகெலும்பற்றவற்றைக் கற்க: பாடநூலா, இறால் தட்டா, மண்புழுத் தொட்டியா, கண்மாயா?

பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காமல் பி.காம்., பி.ஏ. என்று போய்விட்டவருக்கு நடுவில் பூச்சி, சிலந்தி, நத்தை, நண்டு மேல் ஆர்வம் பிறந்தால் எங்கே தொடங்குவது? பி.எஸ்சி. விலங்கியலுக்குப் பெரும்பாலான கல்லூரிகளில் பிளஸ் டூ உயிரியலோ விலங்கியலோ கேட்பார்கள்; அந்தக் கதவு ஏறக்குறைய அடைத்துத்தான் இருக்கும். ஆனால் மதுரையில் இருப்பவருக்கு வேறு வழிகள் நிறையவே உண்டு. பதினொன்றாம் வகுப்புப் பாடநூல், கல்லூரிக்குள்ளேயே கிடைக்கும் பிறதுறை விருப்பப் பாடம், மத்திய அரசின் ஸ்வயம் இணைய வகுப்பு, மீன் கடையில் வாங்கிய இறாலைத் தட்டில் வைத்துப் பிரித்துப் பார்ப்பது, வீட்டில் ஓர் உயிரை வளர்ப்பது, லென்ஸோடு கண்மாய்க் கரைக்குப் போவது, ராமேஸ்வரத்துக்கு அருகே உள்ள மண்டபம் பக்கம் கடலுக்குப் போவது. செலவிலும் நேரத்திலும் மனதில் தங்குவதிலும் இவற்றுக்குள் ஏணி வைத்தாலும் எட்டாத வித்தியாசம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பாடநூலை மட்டும் வைத்து முதல் பக்கத்திலிருந்து படிப்பதுதான் பலரும் தேர்ந்தெடுக்கும் வழி. பாதியில் அதிகம் கைவிடப்படுவதும் அதுவே. ஏதாவது ஓர் உயிரைக் கண்ணெதிரே வைத்துக்கொண்டு, சந்தேகம் வரும்போது பாடநூலைப் புரட்டுகிறவருக்குப் பெயர்கள் தானாகப் பதிகின்றன. எந்த உயிர், எந்தப் பாடம், எந்த வரிசை என்பதில்தான் கணக்கு இருக்கிறது.

ஒரு விதிவிலக்கு. டி.என்.பி.எஸ்.சி. தேர்வுதான் இலக்கு என்றால் இந்தக் கட்டுரையில் பாதி தேவையில்லை. ஆறு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ள சமச்சீர் அறிவியல் நூல்களைப் படித்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடலாம். முதுகெலும்பற்றவை அங்கே சிறு பகுதிதான்.

பாடநூலை எங்கிருந்து திறப்பது

தமிழ்நாடு அரசின் பதினொன்றாம் வகுப்பு விலங்கியல் நூல் தமிழிலேயே இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. தமிழில் இந்தப் பொருளுக்கு இதைவிட நல்ல தொடக்க நூல் எளிதில் அகப்படாது. சிக்கல் பாட வரிசையில் இருக்கிறது. இரண்டாம் பாடமான விலங்குலகம் துளையுடலிகளில் தொடங்கி முதுகுநாணிகள் வரை 11 தொகுதிகளை, அதாவது விலங்குகளின் பெரும் பிரிவுகளை, சில பக்கங்களில் ஓட்டிச் செல்கிறது. ஒவ்வொரு பத்தியிலும் ஆரச்சமச்சீர், பொய் உடற்குழி, சுடர் செல் என்று புதுப் புதுச் சொற்கள். அறிவியல் பிரிவு மாணவருக்கே அது மனப்பாடப் பகுதி. பி.காம். மாணவர் மூன்றாம் நாள் மூடிவைத்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

நான்காம் பாடத்தில் தொடங்குங்கள். அதில் மூன்றே மூன்று விலங்குகள்: மண்புழு, கரப்பான் பூச்சி, தவளை. ஒவ்வொன்றையும் தோலிலிருந்து இனப்பெருக்கம் வரை முழுதாகச் சொல்கிறது. தவளையை இப்போதைக்கு விட்டுவிடலாம். முதல் இரண்டையும் முடித்துவிட்டு இரண்டாம் பாடத்துக்குத் திரும்பினால் வளைதசைப்புழுக்கள், கணுக்காலிகள் என்ற இரு தொகுதிகளும் ஏற்கெனவே தெரிந்த ஆட்களாக இருக்கும். மற்றவற்றை 'மண்புழுவிடம் இருக்கிறது, இதனிடம் இல்லை' என்று ஒப்பிட்டே படித்துவிடலாம். நாளுக்கு ஒரு மணி நேரம் என்றால் இரண்டு பாடங்களுக்கும் மூன்று வாரம் தாராளம்.

பாடநூலின் குறை படங்களில் தெரியும். உண்மையில் மங்கிய பழுப்பாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும் உறுப்புகள் அதில் தனித்தனி வண்ணத்தில் இருக்கும். கரப்பான் பூச்சியின் கழிவு நீக்கும் மால்பிஜியன் குழல்கள் படத்தில் தெளிவான மஞ்சள் இழைகள். நேரில் அவை முடியை விட மெல்லியவை. குடல் எங்கே முடிகிறது, இவை எங்கே தொடங்குகின்றன என்று சொல்லவே லென்ஸ் வேண்டும். படத்தை மட்டும் பார்த்தவர் நேரில் ஒன்றையும் அடையாளம் காண மாட்டார்.

கல்லூரி விருப்பப் பாடமும் ஸ்வயமும்

தமிழ்நாட்டுக் கல்லூரிகளில் இளநிலை மாணவர்கள் பகுதி நான்கில் வேறு துறையின் பாடம் ஒன்றை எடுத்துப் படிக்க இடம் உண்டு. பொதுவாக 2 கிரெடிட், வாரம் 2 மணி நேரம், ஒரு பருவத்துக்குச் சுமார் 30 மணி நேரம். விலங்கியல் துறை உள்ள கல்லூரி என்றால் மண்புழு உரம், தேனீ வளர்ப்பு, அலங்கார மீன் வளர்ப்பு மாதிரி தலைப்புகள் வரும். மதிப்பெண் எளிதாக வரும் என்று எடுப்பவர்கள்தான் வகுப்பில் அதிகம். ஆசிரியரும் அதற்கேற்பத்தான் நடத்துவார். பாடத்தை விட, விலங்கியல் துறைக்குள் நுழைய இது தரும் உரிமைதான் பெரிது. அருங்காட்சியக அறையில் ஃபார்மலின் ஜாடிகளில் இருக்கும் கடல் பேனா, நட்சத்திர மீன், நாடாப்புழு எல்லாவற்றையும் ஆய்வக உதவியாளரிடம் "அண்ணே, கொஞ்ச நேரம் பாத்துட்டுப் போறேன்" என்று கேட்டு உட்கார்ந்து வரைந்துவிட்டு வரலாம். ஜாடியில் நிறம் போயிருக்கும்; உருவம் அப்படியே இருக்கும். கல்லூரியில் இருக்கும் வரைதான் இந்த வாய்ப்பு என்பதால், படித்துக்கொண்டிருப்பவர் இதை விடக் கூடாது.

ஸ்வயம், அதில் ஐ.ஐ.டி.கள் நடத்தும் என்.பி.டி.இ.எல். வகுப்புகளைப் பார்ப்பதற்குக் கட்டணம் இல்லை. சான்றிதழ் வேண்டும் என்றால் ஒரு பாடத்துக்கு இவ்வளவு என்று தேர்வுக் கட்டணம் கட்டி, தேர்வு மையத்தில் நேரில் எழுத வேண்டும். என்.பி.டி.இ.எல்.லில் பயிற்சிகளுக்கு 25, தேர்வுக்கு 75. தேற பயிற்சியில் குறைந்தது 10, தேர்வில் 30 எடுத்தாக வேண்டும். பெரும்பாலும் ஆங்கில வகுப்புகள். உயிரியல் தலைப்புகள் பலவும் பட்டப்படிப்பு மாணவரை மனதில் வைத்தவை என்பதால் மூன்றாம் வாரத்திலேயே செல் சவ்வு, நரம்புத் தூண்டல் என்று வேகம் எடுத்துவிடும். இதை முதல் படியாக எடுப்பது வீண். பாடநூலின் இரண்டு பாடங்களும் கையில் வந்த பிறகு, சூழலியலோ பூச்சியியலோ சார்ந்த 8 வாரப் பாடம் ஒன்றை எடுத்தால் போட்ட நேரத்துக்குப் பலன் இருக்கும்.

மீன் கடையில் கிடைக்கும் ஆய்வகம்

எல்லா வழிகளிலும் மலிவானது, வேகமானது, அதிகம் கவனிக்கப்படாதது இதுதான். கடலிலிருந்து சுமார் 100 கிலோமீட்டர் தள்ளி இருந்தாலும் மதுரைக்கு இறால், நண்டு, கணவாய் தினமும் வந்து இறங்குகின்றன. கணுக்காலிகள் (இறால், நண்டு), மெல்லுடலிகள் (கணவாய்) இரண்டையும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் பார்த்துவிடலாம். உணவுக்காகப் பிடித்தவை என்பதால் படிப்புக்கென்று தனியாக ஓர் உயிரைக் கொல்லத் தேவையில்லை.

கேட்கும் விதத்தில் கவனம் வேண்டும். சும்மா 'இறால் குடுங்க' என்றால் தலையைக் கிள்ளி, ஓட்டை உரித்துத்தான் கையில் வரும்; படிப்புக்கு வேண்டியதில் முக்கால்வாசி குப்பைக்குப் போயிருக்கும். "அண்ணே, சுத்தம் பண்ண வேணாம், தலையோட, மீசை ஒடியாததா நாலு பெரிய இறால் குடுங்க" என்று கேட்க வேண்டும். நான்கு இறாலுக்கு மேல் தேவைப்படாது. ஒன்று பிரிக்கும்போது உடையும், இன்னொன்று ஒப்பிட, மிச்சம் குழம்புக்கு.

வீட்டில் வெள்ளைத் தட்டு, கூர்முனை இடுக்கி, நகம் வெட்டும் சிறு கத்தரி, நனைத்த செய்தித்தாள். இறாலை இடப்பக்கம் பார்க்கப் படுக்கவையுங்கள். தலைப்பக்கத்து ஓட்டின் பக்கவாட்டை மட்டும் கத்தரியால் வெட்டி எடுத்தால் இறகு மாதிரி அடுக்கிய செவுள்கள் தெரியும். அடுத்து இணையுறுப்புகள், அதாவது கால், உணர்கொம்பு, தாடை மாதிரி இணை இணையாக இருப்பவை. வாலிலிருந்து தலைப்பக்கமாகப் போவதுதான் சுலபம். ஒவ்வொன்றையும் அடியோடு பிடித்து இழுத்து, நனைத்த தாளில் வரிசையாக அடுக்குங்கள். ஒரு பக்கத்துக்கு 19 வர வேண்டும்: வயிற்றுப் பகுதியில் 6, மார்பில் 8, தலையில் 5.

பெரும்பாலும் 19 வராது. 17 அல்லது 21 வரும். 21 வந்தால் இரண்டு இடங்களைச் சரிபாருங்கள். வாலின் நடுவில் உள்ள கூர்மையான துண்டு உறுப்புக் கணக்கில் சேராது; அதன் இரு பக்கமும் உள்ள துடுப்புகள்தான் ஆறாவது இணை. அடுத்தது, தலையின் முதல் உணர்கொம்பு ஒரே அடியிலிருந்து கிளை பிரிவது. கிளைக்கு ஒன்றாக எண்ணினால் கணக்கு ஏறிவிடும். 17 வந்தால் தவறியது தாடைக்குப் பின்னால். அங்கே இரண்டு இணைகள் இலை போல மெல்லியவை. பக்கத்துத் தசையோடு ஒட்டிக்கொண்டு போய்விடும். இரண்டாம் இறாலில் தலைப்பக்கத்தை மட்டும் தண்ணீரில் மூழ்கவைத்துப் பிரித்தால் அவை மிதந்து விரிந்து தனியாகத் தெரியும்.

நடக்கும் கால்கள் ஐந்து இணை. அவற்றில் முதல் மூன்றின் நுனியிலும் குட்டி இடுக்கி இருந்தால் அது வெள்ளை இறால், வனாமி வகையைச் சேர்ந்த பினெய்டு குடும்பம். முதல் இரண்டில் மட்டும் இருந்தால் ஆற்று இறால் வகை. அணையிலும் கண்மாயிலும் பிடித்து வரும் ஆற்று இறால் கிடைத்தால் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வகைப்பாட்டியல் என்பது இந்த மாதிரி சின்னச் சின்ன வித்தியாசங்களின் மேல்தான் நிற்கிறது என்று புரிய இதை விடச் சுருக்கமான வழி இல்லை.

பிறகு வாலை முதுகுப் பக்கம் நீளவாக்கில் கீறுங்கள். சமைக்கும்போது 'நரம்பு' என்று உருவி எறியும் கறுப்புக் கோடு அங்கே இருக்கும். அது நரம்பே அல்ல, குடல். கறுப்பு அதற்குள் உள்ள கழிவு. உண்மையான நரம்பு வடம் வயிற்றுப் பக்கத் தோலை ஒட்டி, வெண்மையாக, கண்டத்துக்கு (உடலின் ஒவ்வொரு வளையத் துண்டுக்கும்) ஒரு முடிச்சோடு ஓடுகிறது. இதயம் தலைமார்புப் பகுதியில் முதுகுப் பக்கம். மனிதருக்கு நரம்பு வடம் முதுகில், இதயம் முன்பக்கம். கணுக்காலிகளுக்கு நேர் தலைகீழ். பாடநூலில் 'வயிற்றுப்புற நரம்பு வடம்' என்று ஒரு வரியில் வரும் செய்தி, இந்தத் தட்டைப் பார்த்தவருக்கு மறக்காது.

நண்டில் பார்க்க வேண்டியது வயிற்று மடிப்பு. ஆணுக்குக் குறுகல், பெண்ணுக்கு அகலம். கணவாயில் ஓட்டுக் கணவாயும் ஊசிக் கணவாயும் ஒவ்வொன்று வாங்கினால் முன்னதற்குள் சுண்ணாம்பு ஓடு, பின்னதற்குள் கண்ணாடி போன்ற மெல்லிய தகடு. சங்குக்கு வெளியே இருக்கும் ஓடு இவற்றில் உள்ளே போயிருக்கிறது. இரண்டுக்கும் 8 கைகள், 2 நீண்ட உணர்கரங்கள், 3 இதயங்கள். இரத்தம் செம்பு கலந்த நிறமியால் நீலம் பாய்ந்தது.

மொத்தச் செலவு அன்றைய மீன் விலை. குறை, எதுவும் உயிரோடு அசையாது. எப்படி நடக்கிறது, எப்படி வளர்கிறது என்பதற்கு அடுத்த வழிதான்.

மண்புழுவா, கம்பளிப்புழுவா?

வளர்த்துக் கற்க நினைப்பவருக்கு மதுரைச் சூட்டில் நடைமுறைக்கு ஒத்துவருபவை இவை இரண்டு. தேனீப் பெட்டிக்குச் செலவும் கொட்டு வாங்கும் துணிச்சலும், சுற்றிலும் பூக்கும் மரங்களும் வேண்டும். பட்டுப்புழுவுக்கு 24 முதல் 28 டிகிரி வெப்பமும் தினமும் மல்பெரி இலையும் தேவை. மாடி அறையில் நடக்காது. தேனீ வளர்ப்பைப் பிழைப்பாகவே எடுக்க நினைப்பவர் ஒத்தக்கடை வேளாண் கல்லூரி வளாகத்தில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்தில் பயிற்சி எப்போது என்று விசாரிக்கலாம்.

மண்புழுவுக்கு 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம் உள்ள பிளாஸ்டிக் தொட்டி போதும். அடியில் 5 மி.மீ. துளைகள் ஏழெட்டு. அதற்கு மேல் 3 செ.மீ. உடைத்த செங்கல், பிறகு நனைத்துப் பிழிந்த தென்னை நார்த்தூள், அதன் மேல் 15, 20 நாள் ஆறிய சாணம். புதுச் சாணம் போட்டால் அது மட்கும்போது எழும் சூட்டிலும் அம்மோனியாவிலும் இரண்டே நாளில் புழு செத்துவிடும். வளர்ப்பவர்கள் முதலில் அடிவாங்கும் இடம் இது. 50 புழு போதும். கையில் பிடித்துப் பிழிந்தால் இரண்டு மூன்று சொட்டு வரும் ஈரம், ஒழுகினால் அதிகம். கெட்ட வாடை அடித்து, புழுக்கள் சுவரேறினால் தண்ணீர் மிஞ்சிக் காற்று இல்லாமல் போயிருக்கிறது என்று அர்த்தம். உப்பு, எண்ணெய் கலந்த சாப்பாட்டு மிச்சமும் எலுமிச்சைத் தோலும் கூடாது. எறும்பு வராமல் இருக்கத் தொட்டியை, நான்கு தண்ணீர்க் கிண்ணங்களுக்குள் வைத்த செங்கல் துண்டுகள் மேல் நிறுத்த வேண்டும். சித்திரை வெயிலில் மொட்டை மாடி வேண்டவே வேண்டாம். குளியலறைக்கு வெளியே நிழல்தான் சரி.

இனி படிப்பில் ஒரு பெரிய பொறி. பாடநூல் விவரிக்கும் மண்புழு லேம்பிடோ மாரிட்டி, நம் ஊர் மண்ணில் இருப்பது. உரத்துக்கென விற்கும் புழு பெரும்பாலும் வெளிநாட்டு இனமான ஐசீனியா ஃபெட்டிடா அல்லது யூட்ரிலஸ் யூஜீனியே. பாடநூலில் 165 முதல் 190 கண்டங்கள், 14 முதல் 17ஆம் கண்டம் வரை கிளைடெல்லம் என்ற தடித்த பட்டை, கண்டத்தைச் சுற்றி வளையமாக நுண்முடிகள் என்று இருக்கும். வாங்கிய ஐசீனியாவில் எண்ணினால் பட்டை 25ஐ ஒட்டித் தொடங்கி 32 வாக்கில் முடியும்; ஒரு கண்டத்துக்கு எட்டே நுண்முடிகள்தான். எண்ணத் தெரியவில்லையோ என்று படிப்பவர் தன்னையே சந்தேகப்படுவார். எண்ணிக்கை சரி, புழுதான் வேறு. மழை பெய்த மறுநாள் மாட்டுத் தொழுவத்துப் பக்கத்திலோ தோட்ட வாய்க்கால் ஓரத்திலோ ஒரு சாண், ஒன்றரைச் சாண் தோண்டினால் லேம்பிடோ கிடைக்க வாய்ப்பு அதிகம். இரண்டையும் வைத்து ஒப்பிட்டால் அந்தப் பொறியே நல்ல பாடமாகிவிடும்.

எண்ணுவதற்கு ஒரு வழி: வெள்ளைத் தட்டில் குளிர்ந்த தண்ணீர் விட்டுப் புழுவைச் சில நிமிடம் வைத்தால் அசைவு குறையும். செல்போனில் படம் எடுத்துப் பெரிதாக்கி, படத்தின் மேல் எண்ணுங்கள். நுண்முடியை உணர, புழுவைக் காய்ந்த தாளில் ஊர விட்டுக் காதைப் பக்கத்தில் வையுங்கள். கீறுகிற ஒலி கேட்கும். கையை நனைத்துக்கொண்டுதான் தொட வேண்டும். அது மூச்சு விடுவதே ஈரத் தோலால். ஓரிரு மாதத்தில் எலுமிச்சை வடிவத்தில் மஞ்சளான சிறு கூடுகள் உரத்தில் தெரியும். அவற்றைத் தனியாக ஈரப் பஞ்சில் வைத்தால் இரண்டு மூன்று வாரத்தில் குஞ்சு வெளிவரும்.

கம்பளிப்புழு வழி இதை விட வேகம். வீட்டுக் கறிவேப்பிலைச் செடியின் கொழுந்தில் எலுமிச்சை அழகி வண்ணத்துப்பூச்சி மஞ்சள் உருண்டையாக முட்டையிடும். புழு ஐந்து பருவம் கடக்கும். முதல் நான்கிலும் பறவை எச்சம் போலத் தோற்றம், ஐந்தாவதில் பச்சை. மெல்லத் தொட்டால் தலைக்குப் பின்னாலிருந்து இரண்டாகப் பிரிந்த செம்மஞ்சள் உறுப்பை நீட்டி வாடை வீசும். முட்டையிலிருந்து வண்ணத்துப்பூச்சி வரை ஏறக்குறைய ஒரு மாதம். எருக்கஞ்செடியில் வெந்தய வரியனும் இதே போலக் கிடைக்கும். எலுமிச்சை அழகியின் கூட்டுப்புழு இடுப்பில் ஒரு பட்டு இழையைக் கட்டிக்கொண்டு சாய்ந்து நிற்கும். வெந்தய வரியனுடையது இழை இல்லாமல் தலைகீழாகத் தொங்கும்.

கெட்டுப்போகும் இடங்கள் மூன்று. கடையில் வாங்கிய கறிவேப்பிலையில் மருந்து அடித்திருந்தால் புழு ஒரே நாளில் சுருண்டுவிடும். வீட்டு இலை மட்டும் கொடுங்கள். கிளையைத் தண்ணீர்க் குப்பியில் வைத்தால் வாயைப் பஞ்சால் அடைக்க வேண்டும். இல்லையென்றால் புழு கிளை வழியாக இறங்கி மூழ்கிவிடும். கழிவைத் தினமும் கொட்டாவிட்டால் பூஞ்சை வரும். கூட்டுப்புழுவிலிருந்து வண்ணத்துப்பூச்சிக்குப் பதில் வெள்ளைப் புழுக்கள் வெளியேறினால் அது ஒட்டுண்ணி ஈயின் வேலை. வளர்ப்பில் பிழை ஏதும் இல்லை. அதையும் படம் எடுத்து வையுங்கள்.

ஒரு மாதம்தான் இருக்கிறது, உற்சாகம் வேண்டும் என்பவர் கம்பளிப்புழுவை எடுக்கலாம். பாடநூலோடு சேர்த்து ஆழமாகப் போக நினைப்பவருக்கு மண்புழுதான்.

லென்ஸும் கண்மாயும்

வெளியே போய்ப் பார்ப்பதற்கு ஐப்பசி முதல் தை வரை ஏற்ற காலம். மாசியில் கண்மாய் வற்றத் தொடங்கினால் பூச்சியும் குறைந்துவிடும். 10 மடங்கு பெருக்கும் கைலென்ஸ் சில நூறு ரூபாய்தான். நுண்ணோக்கி வாங்குவதைத் தள்ளிப்போடுங்கள். முதல் ஆண்டில் லென்ஸுக்குத் தெரியாத எதுவும் தேவைப்படாது. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்து, பொருளை நகர்த்துங்கள். பலர் லென்ஸைப் பொருளுக்குப் பக்கத்தில் வைத்துக் கண்ணை தூரத்தில் வைப்பதால்தான் ஒன்றும் தெரியவில்லை என்கிறார்கள்.

கீழக்குயில்குடி சமணர் மலையடிவாரம், யானைமலை அடிவாரம், வண்டியூர்க் கண்மாய்க் கரை எல்லாம் நகரப் பேருந்தில் எட்டும் தூரம். மேலூர் பக்கம் அரிட்டாபட்டி 2022இல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்ட இடம், 193 ஹெக்டேர். அங்கே பார்க்கலாம், படம் எடுக்கலாம். எதையும் எடுத்து வரக் கூடாது. மல்லிகைத் தோட்டம் வைத்திருப்பவரைத் தெரிந்தால் இன்னும் நல்லது. இலையின் அடிப்பக்கத்தில் லென்ஸ் வைத்தால் சிவப்புச் சிலந்திப் பேன் ஓடும், எட்டுக் கால். மொட்டுக்குள் மொட்டுப்புழு, அது அந்துப்பூச்சியின் புழு, வளர்ந்தால் ஆறு கால். இரண்டுக்கும் ஒரே மருந்து ஏன் கேட்காது என்று விவசாயி சொல்வார்.

கால்களை எண்ணுவதுதான் முதல் பழக்கமாக இருக்க வேண்டும். பூரானுக்குக் கண்டத்துக்கு ஓர் இணை, மரவட்டைக்கு இரண்டு. மழைக்குப் பின் செம்மண்ணில் வரும் வெல்வெட் பூச்சிக்கு எட்டுக் கால், ஆகவே அது சிலந்தியின் உறவு. தெளிந்த நீரில் கொசுப்புழு பரப்புக்கு இணையாகப் படுத்திருந்தால் அனாஃபிலிஸ். தலைகீழாகச் சாய்ந்து தொங்கினால் கியூலக்ஸ் அல்லது ஏடிஸ்.

படங்களை ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் தெரிந்தவர்கள் பெயர் சொல்வார்கள். மேலே, பக்கவாட்டில், முகம் என்று மூன்று கோணம் தேவை. சிலந்தி என்றால் கண்களின் அடுக்கு தெரிய வேண்டும். ஒன்றை மனதில் வையுங்கள்: பல பூச்சிகளைப் படத்தை வைத்து இனம் வரை சொல்லவே முடியாது. குடும்பத்தோடு நிறுத்துவது தோல்வி இல்லை. செயலி தானாகச் சொல்லும் முதல் பெயரை அப்படியே ஏற்றுக்கொள்வதுதான் இந்த வழியின் பெரிய பலவீனம். அப்படிச் செய்பவருக்குப் பெயர்ப் பட்டியல் மட்டும் நீளும், உடலமைப்பு ஒன்றும் தெரியாது.

கல்லைப் புரட்டும்போது உங்கள் பக்கம் விளிம்பைத் தூக்காதீர்கள். எதிர்ப்பக்க விளிம்பை உங்களை நோக்கித் தூக்கினால், உள்ளே இருப்பது மறுபக்கமாக ஓடும். தேளில் முன்பக்க இடுக்கி மெலிந்து வால் தடித்திருந்தால் நஞ்சு கடுமை என்று எடுத்துக்கொண்டு விலகுங்கள். ஆப்பிரிக்க ராட்சத நத்தையை வெறுங்கையால் தொடாதீர்கள். அது எலி நுரையீரல் புழுவைச் சுமக்கக் கூடியது.

கடலுக்கு எப்போது

நட்சத்திர மீன், கடல் முள்ளெலி மாதிரியான முட்தோலிகள் எல்லாமே கடல்வாழ்வன. மதுரையில் ஒன்றைக்கூட உயிரோடு பார்க்க முடியாது. துளையுடலிகளும் (கடற்பஞ்சு) குழியுடலிகளும் (பவளம், சொறிமீன்) நன்னீரில் அபூர்வம். ஆக இந்த மூன்று தொகுதிகளுக்காகவாவது ஒரு நாள் மண்டபம் போக வேண்டும். ஆனால் இதைத் தொடக்கமாக வைத்தால் அது சுற்றுலாவாக முடிந்துவிடும். மேலே சொன்னவற்றில் இரண்டையாவது முடித்தவருக்கே அந்தப் பயணம் பயன்படும்.

காலம் பார்த்துப் போங்கள். தென்மேற்குப் பருவக் காற்றில் மன்னார் வளைகுடாப் பக்கம் கொந்தளிக்கும், வடகிழக்கில் பாக் நீரிணைப் பக்கம். இரண்டு கரையும் அமைதியாக இருப்பது மாசி, பங்குனியில். 1947இல் தொடங்கிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் தலைமையகம் முன்பு பல ஆண்டுகள் இருந்தது மண்டபத்தில்தான். பிறகு அது கொச்சிக்குப் போனாலும் நிறுவனத்தின் மையம் ஒன்று மண்டபத்தில் இருக்கிறது. அதன் கடல்வாழ் உயிர்க் காட்சியகம் திறந்திருக்கும் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துவிடுங்கள். ராமேஸ்வரத்துக்கும் தூத்துக்குடிக்கும் இடையே உள்ள 21 தீவுகள் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் இறங்க முடியாது.

கரையில் ஒதுங்கிய இறந்த கடல் முள்ளெலியின் ஓடு கிடைத்தால் வெயிலுக்கு எதிரே பிடியுங்கள். ஐந்து பட்டைகளில் நுண்துளைகள் இரட்டை வரிசையாக ஒளிரும். குழாய்க் கால்கள் வெளியே வந்த இடங்கள் அவை. நட்சத்திர மீனின் ஐந்து கைகளும் இந்த ஐந்து பட்டைகளும் ஒரே திட்டம்தான்.

எடுத்து வருவதில் கவனம். பவளம், கடல் அட்டை, சில சங்கு வகைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. செத்துக் கிடந்த பவளத் துண்டைப் பையில் போட்டாலும் குற்றம்தான். கடைகளில் விற்கிறார்கள் என்பது சமாதானம் ஆகாது. பார்த்ததைப் பக்கத்தில் 15 செ.மீ. ஸ்கேலை வைத்துப் படம் எடுங்கள். தேதியையும் எந்தக் கரை என்பதையும் அங்கேயே குறித்துவிட்டு, பொருளை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள்.